வீட்டுக் காற்றைச் செடி சுத்தம் செய்யுமா?

(கிராமத் தம்பதிகளுக்கான குடும்ப நல விளக்கவுரை)

 

இன்று நாம் பேசப்போவது காற்றைப் பற்றி. சோறு இல்லாமல் சில நாள் இருந்துவிடலாம். தண்ணீர் இல்லாமலும் ஒரு நாள் தாங்கலாம். காற்று இல்லாமல் ஐந்து நிமிஷம் இருக்க முடியுமா? வளர்ந்த ஒரு மனிதர் ஒரு நாளைக்கு 10,000 லிட்டருக்கு மேல் காற்றை உள்ளே இழுத்து வெளியே விடுகிறார். குடிக்கிற தண்ணீரை நாம் வடிகட்டுகிறோம், காய்ச்சுகிறோம். அரிசியில் கல் பொறுக்குகிறோம். மூச்சுக் காற்றை மட்டும், "அது பாட்டுக்கு வருது, போகுது" என்று விட்டுவிடுகிறோம்.

அண்மைக் காலமாகக் கர்ப்பிணிகள் பரிசோதனை நாளில் ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. "வீட்டுக்குள்ள செடி வெச்சா காத்து சுத்தமாயிடுமாமே, போன்ல காட்டறாங்க. பட்டணத்துல சுவர் பூராவும் செடி வளர்த்திருக்காங்க. எங்க வீட்டுச் சமையல்கட்டுல ரெண்டு தொட்டி வெச்சா புகை போயிடுமா?"

நல்ல கேள்வி. பிள்ளைக்கு நல்ல காற்று வேண்டும் என்று ஒரு தாய் நினைப்பதே பெரிய விஷயம். ஆகவே இதற்கு நேரான பதிலைச் சொல்ல வேண்டியது எங்கள் கடமை. செடி நல்லதுதான். ஆனால் அடுப்புப் புகையைச் செடி விரட்டாது. ஏன் விரட்டாது, வேறு எது விரட்டும் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

செடி என்ன வேலை செய்கிறது?

பகல் வெளிச்சத்தில் இலையானது கரியமில வாயுவை உள்ளே வாங்கிக்கொண்டு பிராணவாயுவை வெளியே விடுகிறது. இது பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். இது போக இன்னொரு வேலையும் நடக்கிறது. பெயிண்டு, பாலிஷ், பிளைவுட் போன்றவற்றிலிருந்து கண்ணுக்குத் தெரியாத சில கெட்ட வாயுக்கள் வெளிவரும். இவற்றில் கொஞ்சத்தை இலை இழுத்துக்கொள்ளும். வேரைச் சுற்றியுள்ள மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் அவற்றைச் சிதைத்து உணவாக்கிக்கொள்ளும்.

இதை அமெரிக்காவின் விண்வெளி நிறுவனமான நாசாவில் வுல்வர்ட்டன் என்ற விஞ்ஞானி சோதித்தார். 1989-ல் அதன் முடிவு வெளியானது. காற்றுப் புகாமல் மூடிய பெட்டிக்குள் செடியை வைத்து, பென்சீன் போன்ற வாயுவை உள்ளே விட்டு, எவ்வளவு குறைகிறது என்று அளந்தார்கள். குறைந்தது உண்மை. விண்கலத்துக்குள் மனிதர்கள் அடைபட்டு இருப்பார்களே, அவர்களுக்கு உதவுமா என்று பார்ப்பதே அந்தச் சோதனையின் நோக்கம். நம் வீடு மூடிய பெட்டி அல்ல. கதவைத் திறக்கிறோம், மூடுகிறோம், காற்று வருகிறது, போகிறது. அந்தச் சோதனையைத்தான் இன்று போனில் பாதி மட்டும் சொல்கிறார்கள்.

டில்லியில் ஒரு கட்டிடம்

நம் நாட்டிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. புது டில்லி நேரு பிளேஸ் பகுதியில் பஹார்பூர் பிசினஸ் சென்டர் என்ற அலுவலகக் கட்டிடம் இருக்கிறது. அதை நடத்திய கமல் மீத்தல் என்பவருக்கு டில்லிக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை. நுரையீரலின் திறன் 70 சதவீதமாகக் குறைந்துவிட்டது என்று டாக்டர்கள் சொன்னார்கள். அவர் கட்டிடத்துக்குள்ளேயே செடிகளை வளர்க்க ஆரம்பித்தார். அரேகா பாம் என்கிற கமுகு போன்ற அலங்காரச் செடி, நம் வேலியோரத்து மருளுக்குச் சொந்தமான பாம்புச் செடி, மணி பிளாண்ட் ஆகிய மூன்றும் அவர் தேர்ந்தெடுத்தவை. 2009-ல் அவர் ஓர் உரையில் இதை உலகத்துக்குச் சொன்னார். சுமார் 300 பேர் வேலை செய்யும் கட்டிடத்தில் 1,200-க்கும் மேற்பட்ட செடிகள்!

அவர் சொன்ன கணக்கைக் கவனியுங்கள். ஓர் ஆளுக்குத் தோள் உயர அரேகா செடி 4, இடுப்பு உயரப் பாம்புச் செடி 6 முதல் 8 வரை. அப்படியானால் ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு அரேகா 20, பாம்புச் செடி 30 முதல் 40 வேண்டும். அவ்வளவு தொட்டியை வைத்தால் நாம் எங்கே படுப்பது?

இன்னொன்றும் உண்டு. அந்தக் கட்டிடத்தில் செடி மட்டும் வேலை செய்யவில்லை. மொட்டை மாடியில் வெளிக்காற்றைத் தண்ணீரால் கழுவி, செடிக்கூடத்தின் வழியாகச் செலுத்தி, வடிகட்டிகளில் வடித்து, அதன் பிறகே மின்சார விசையால் உள்ளே அனுப்புகிறார்கள். செடியும் இருக்கிறது, யந்திரமும் இருக்கிறது. கனடா நாட்டில் டொரண்டோ நகரின் குவெல்ஃப்-ஹம்பர் பல்கலைக்கழகக் கட்டிடத்தில் நான்கு மாடி உயரத்துக்கு ஒரு செடிச் சுவர் இருக்கிறது. அங்கும் அப்படித்தான். விசிறி வைத்துக் காற்றை இழுத்து, வேர்களின் ஊடாகப் போக விடுகிறார்கள். வெறுமனே தொட்டியைக் கொண்டுபோய் மூலையில் வைத்தால் அந்த வேலை நடக்காது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

2019-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், அதுவரை வெளிவந்த 12 ஆய்வுகளைச் சேர்த்து வைத்துக் கணக்குப் பார்த்தார்கள். கட்டிடத்தில் சாதாரணமாகக் காற்று வந்து போவதாலேயே கெட்ட வாயு குறையும் அல்லவா? அந்த அளவுக்குச் செடியால் குறைக்க வேண்டுமானால், ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10 முதல் 1,000 செடிகள் வரை தேவை என்று கண்டார்கள்.

பத்தடிக்குப் பத்தடி அறை என்பது ஏறக்குறைய 9 சதுர மீட்டர். மிகக் குறைந்த கணக்கை எடுத்தால்கூட அந்த ஓர் அறைக்கு 90 செடிகளுக்கு மேல் வேண்டும். அந்த வேலையை ஒரு ஜன்னல் செலவில்லாமல் செய்துவிடுகிறது.

இதெல்லாம் வாயுவுக்கான கணக்கு. அடுப்புப் புகை வெறும் வாயு அல்ல. அதில் கண்ணுக்குத் தெரியாத கரித்துகள்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. தலைமயிரின் கனத்தில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத துகள்கள் அவை. மூக்கில் உள்ள ரோமமும் சளியும் அவற்றைத் தடுக்க முடியாது. நேராக நுரையீரலின் அடிவரை போகும். இரண்டு தொட்டிச் செடி இவற்றை என்ன செய்யும்? அந்தச் செடியின் இலை மேலேயே கரி படிந்து, வெளிச்சமும் இல்லாமல், அதுவே வாடிப் போகும்.

நம் வீட்டுக் காற்றைக் கெடுப்பது எது?

பட்டணத்து அலுவலகத்தில் காற்றைக் கெடுப்பது பெயிண்டும் பிளைவுட்டும். நம் தருமபுரி மாவட்டத்துக் கிராம வீட்டில் காற்றைக் கெடுப்பது விறகடுப்பு. நோய் வேறானால் மருந்தும் வேறுதானே!

துவரை மாறு, மாஞ்சுள்ளி, புளியஞ்சுள்ளி, வேலிக்காத்தான், தென்னை மட்டை, வரட்டி என்று கையில் கிடைத்ததை வைத்து எரிக்கிறோம். மழைக்காலத்தில் ஈர விறகு. ஊதுகுழலை வைத்து ஊதி ஊதிக் கண் சிவந்து போகிறது. அந்த நேரத்தில் இடுப்பில் ஒரு குழந்தை, காலடியில் ஒரு குழந்தை.

கிர்க் ஸ்மித் என்ற அமெரிக்க அறிஞர் குஜராத் மாநிலத்தில் நான்கு கிராமங்களுக்குப் போய், சமைக்கிற பெண்களிடமே ஒரு கருவியைப் பொருத்தி, அவர்கள் மூச்சில் போகும் புகையை அளந்தார். 1983-ல் அது வெளியானது. சமைக்கிற நேரத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 7 மில்லிகிராம் துகள்! அதுவரை தொழிற்சாலைப் புகை, பஸ் லாரிப் புகை என்று மட்டும் பேசிக்கொண்டிருந்த உலகம், அதன் பிறகுதான் அடுப்பங்கரையை எட்டிப் பார்த்தது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2020-ஆம் ஆண்டில் வீட்டுப் புகையால் உலகத்தில் இறந்தவர்கள் சுமார் 32 லட்சம் பேர். அவர்களில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் 2 லட்சத்து 37 ஆயிரம் பேருக்கு மேல்.

யாருக்கு என்ன கெடுதல்?

தாய்க்கு: தீராத இருமல், நெஞ்சு இறுக்கம், நடந்தால் மூச்சு வாங்குதல். பீடி, சிகரெட் தொடாத பெண்ணுக்கும் 45, 50 வயதில் மூச்சு இரைப்பு நோய் வருகிறதே, அதற்கு இந்தப் புகை ஒரு முக்கியக் காரணம். இருதய நோய், பக்கவாதம், கண்புரை ஆகியவையும் இதனோடு சேர்ந்து வருபவை.

வயிற்றுக் குழந்தைக்கு: புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு, இரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்ளும். தாயின் இரத்தத்தில் பிராணவாயு குறைந்தால் பிள்ளைக்கும் குறையும். இரத்தசோகை உள்ள கர்ப்பிணிக்கு இது இரட்டைச் சுமை.

கைக்குழந்தைக்கு: பெரியவர்களைவிடக் குழந்தை வேகமாக மூச்சு விடும். ஆகவே உடல் எடைக்குப் பார்த்தால் அதிகப் புகை உள்ளே போகும். நிமோனியா என்கிற நுரையீரல் சளிக்காய்ச்சல் வர இது வழி செய்கிறது.

தகப்பனாருக்கும் கெடுதல் உண்டு. "நான் வெளியில இருக்கறவன், எனக்கென்ன" என்று சொல்ல வேண்டாம். ராத்திரி எல்லோரும் படுப்பது அதே வீட்டில்தான்.

கேஸ் வந்த பிறகும் புகை ஏன்?

"எங்க வீட்டுல கேஸ் இருக்குதுங்களே!" என்று பலர் சொல்வீர்கள். உண்மை. தமிழ்நாடு அரசு 2007-லிருந்து ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு அடுப்பும் இணைப்பும் கொடுத்தது. மத்திய அரசின் உஜ்வலா திட்டம் 2016 மே முதல் நாள் தொடங்கி, குடும்பத்துப் பெண்ணின் பெயரிலேயே இணைப்பு கொடுத்தது. அடுப்பு வீட்டுக்கு வந்துவிட்டது. ஆனால் பல வீடுகளில் அது காபி போடவும், விருந்தாளி வந்தால் பற்ற வைக்கவும் மட்டும்தான். களி கிண்ட விறகடுப்பு, வெந்நீர் போட விறகடுப்பு, மாட்டுக்குத் தீவனம் வேக வைக்க விறகடுப்பு. ஏன் என்று கேட்டால், சிலிண்டர் விலை ஒரு காரணம். "பெரிய பானையில துடுப்புப் போட்டுக் களி கிண்டினா கேஸ் அடுப்பு ஆடுதுங்க" என்பது இன்னொரு காரணம். இரண்டும் நியாயமான காரணம்தான், நாங்கள் மறுக்கவில்லை.

ஆனால் இதற்கு வழி இருக்கிறது. களியும் வெந்நீரும் விறகில்தான் ஆக வேண்டும் என்றால், அந்த அடுப்பைப் புறக்கடையில் திறந்தவெளியில் போடுங்கள். மேலே ஓர் ஓலைப் பந்தலோ தகரமோ போதும். சோறு, குழம்பு, பால், குழந்தைக்குக் கஞ்சி எல்லாம் உள்ளே கேஸ் அடுப்பில் ஆகட்டும். பாதி வேலையாவது புகையில்லாமல் நடக்கும். மீதிப் புகை வீட்டுக்குள் தங்காது.

புகையில்லா அடுப்புக் கதையும் நமக்கு ஒரு பாடம். 1983-லிருந்து மத்திய அரசு நாடு முழுவதும் புகைபோக்கி வைத்த மேம்பட்ட அடுப்புகளைப் போட்டுக் கொடுத்தது. 2002-ல் அந்தத் திட்டம் முடிந்தது. பின்னாளில் 2019-ல் நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டூஃப்லோ அம்மையாரும் மற்றவர்களும், ஒடிசா மாநிலக் கிராமங்களில் புகைபோக்கி அடுப்பு கொடுத்து நான்கு ஆண்டு வரை தொடர்ந்து பார்த்தார்கள். முதல் ஆண்டில் பெண்கள் சுவாசித்த புகை குறைந்தது. பிறகு அந்தப் பலன் இல்லாமலே போய்விட்டது. காரணம் என்ன? அடுப்பை ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை, பழுது பார்க்கவில்லை. குழாயில் கரி அடைத்தால் புகை திரும்பி வீட்டுக்குள்தான் வரும். அடுப்பு வாங்கியதோடு வேலை முடியவில்லை. அதைப் பராமரிக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் வீட்டு ஆண்பிள்ளையாக இருக்கட்டும் என்பதே என் வேண்டுகோள்.

இன்னோர் உண்மையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நம் தமிழ்நாட்டில் விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களிலும், குவாத்தமாலா, பெரு, ருவாண்டா நாடுகளிலும் சேர்த்துச் சுமார் 3,200 கர்ப்பிணிகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. தமிழ்நாட்டுப் பகுதியைச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தார் நடத்தினார்கள். பாதிப் பேருக்கு இலவச கேஸ், மீதிப் பேர் வழக்கம்போல் விறகு. கேஸ் வீடுகளில் தாய் சுவாசித்த துகள் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. ஆனால் பிறந்த குழந்தைகளின் எடையில் பெரிய வித்தியாசம் இல்லை என்று 2022-ல் முடிவு வந்தது. அதிலே கேஸ் கொடுத்தது கர்ப்பம் 9 வாரம் முதல் 20 வாரம் ஆன பெண்களுக்கு. "அப்போ கேஸ் வேண்டாமா?" என்று கேட்காதீர்கள். குழந்தையின் எடைக்குப் புகை மட்டும் காரணமல்ல. தாயின் சாப்பாடு, இரும்புச்சத்து, ஓய்வு, இரண்டு பிரசவத்துக்கு நடுவில் உள்ள இடைவெளி எல்லாம் சேர வேண்டும். புகையைக் குறைப்பது அவற்றில் ஒன்று. அதை ஐந்தாம் மாதம் வரை தள்ளிப் போடாமல், கல்யாணமாகிக் குடித்தனம் வைக்கிற அன்றே தொடங்குவதுதான் புத்திசாலித்தனம்.

பட்டுப்புழு சொல்லும் பாடம்

பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்தில் மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்க்கிறவர்கள் பலர் இருக்கிறீர்கள். தருமபுரி அங்காடிக்குப் பட்டுக்கூடு கொண்டு போகிறீர்கள். புழு வளர்ப்பு மனையை எப்படிக் கட்டுகிறீர்கள்? எதிரெதிர் ஜன்னல் வைத்து, மேலே காற்றுப் போக்கி வைத்து, புகையோ மருந்து வாடையோ உள்ளே வராமல் அல்லவா பார்த்துக்கொள்கிறீர்கள்? பீடி பிடித்துக்கொண்டு உள்ளே போக யாரையாவது விடுவீர்களா? காற்று கெட்டால் புழு நோய்ப்படும், கூடு கட்டாது என்று உங்களுக்குத் தெரியும்.

புழுவுக்குச் செய்கிற இந்த ஏற்பாட்டை, பிள்ளை படுக்கிற வீட்டுக்கும் செய்யுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

கணவனும் மனைவியும் சேர்ந்து செய்ய வேண்டியவை

1. அடுப்புக்கு மேலே சுவரில் உயரமாக ஒரு திறப்பு, எதிர்ச் சுவரில் தாழ்வாக ஒரு திறப்பு வையுங்கள். சூடான புகை மேலே ஏறும்; கீழிருந்து நல்ல காற்று வந்து அதைத் தள்ளும். ஓட்டு வீடாக இருந்தால் கூரை உச்சியில் வழி விடலாம். பூனை, பாம்பு வரும் என்ற பயம் இருந்தால் கம்பி வலை அடியுங்கள்.

2. புகைபோக்கி இருந்தால் அது கூரைக்கு மேலே நன்றாக உயர்ந்து நிற்கட்டும். மாதம் ஒரு முறை கரியைத் தட்டி எடுங்கள்.

3. விறகைச் சிறு துண்டாகப் பிளந்து, நன்றாகக் காய வைத்து, மழை படாத இடத்தில் அடுக்குங்கள். காய்ந்த விறகில் புகை குறைவு. பிளாஸ்டிக் பை, ரப்பர், பழைய செருப்பு எதையும் அடுப்பில் போடாதீர்கள். தீ மூட்டக்கூட வேண்டாம்.

4. பருப்பு, பயறுகளை முன்கூட்டியே ஊற வையுங்கள். பாத்திரத்தை மூடிச் சமையுங்கள். குக்கர் இருந்தால் பயன்படுத்துங்கள். எரிபொருளும் மிச்சம், புகையும் குறைவு.

5. 14.2 கிலோ சிலிண்டருக்கு மொத்தமாகப் பணம் கட்டுவது சிரமமானால், 5 கிலோ சிலிண்டரும் உண்டு. மானிய விவரத்தை உங்கள் கேஸ் ஏஜென்சியில் கேளுங்கள். சிலிண்டர் பணத்தை வீட்டுச் செலவில் முதல் கணக்காக இருவரும் பேசி ஒதுக்குங்கள்.

6. கேஸ் வாடை வந்தால் ஸ்விட்சைத் தொடாதீர்கள், தீக்குச்சி கிழிக்காதீர்கள். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து வெளியே வந்து, 1906 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள்.

7. சமைக்கும்போது குழந்தை வேறு இடத்தில் இருக்கட்டும். அந்த ஒரு மணி நேரம் குழந்தையைப் பார்த்துக்கொள்வது தகப்பனார் வேலை, அல்லது தாத்தா பாட்டி வேலை.

8. பீடி, சிகரெட் வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம். திண்ணையிலும் வேண்டாம். விட்டுவிட்டால் இன்னும் நல்லது.

9. கொசுவர்த்திச் சுருளை மூடிய அறையில் ராத்திரி முழுக்க எரிக்காதீர்கள். ஒரு சுருள் எரிந்தால் 75 முதல் 137 சிகரெட் எரித்த அளவு நுண்துகள் வரும் என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. கொசுவலை கட்டுங்கள்.

10. தலைக்குக் குளிப்பாட்டியபின் பச்சைக் குழந்தைக்குச் சாம்பிராணிப் புகை காட்டுவது நம் வழக்கம். பெரியவர்கள் பாசத்தால் செய்வதுதான். ஆனால் பிஞ்சு நுரையீரல் அதைத் தாங்காது. தலையை மெல்லிய பருத்தித் துணியால் துவட்டினால் போதும். பாட்டியிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்வார்கள்.

அப்படியானால் செடியே வேண்டாமா?

நன்றாக வையுங்கள்! ஆனால் இடம் பார்த்து வையுங்கள். வீட்டுக்கு வெளியே, குளிக்கிற தண்ணீர், பாத்திரம் கழுவுகிற தண்ணீர் போகிற வழியில் வாழை, கறிவேப்பிலை, முருங்கை, அகத்தி, கீரைப் பாத்தி போடுங்கள். கீரையில் இரும்புச்சத்து உண்டு. அதோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்தால் அது உடம்பில் நன்றாகச் சேரும். தெருப்பக்கம் வேம்பு, புங்கன் வைத்தால் நிழலும் கிடைக்கும், ரோட்டுப் புழுதியும் கொஞ்சம் மட்டுப்படும். ஜன்னலை மட்டும் மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குள் அழகுக்காக ஒன்றிரண்டு வைக்க ஆசைப்பட்டால் தாராளமாக வைக்கலாம். மனதுக்கு இதம். ஆனால் இரண்டு எச்சரிக்கை. பாட்டில் தண்ணீரில் மணி பிளாண்ட் வளர்ப்பவர்கள் வாரம் ஒரு முறை பாட்டிலைத் தேய்த்துக் கழுவித் தண்ணீரை மாற்ற வேண்டும். தொட்டியின் அடித்தட்டில் நிற்கும் தண்ணீரையும் கொட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு அதிலே முட்டையிடும். காற்றைச் சுத்தம் செய்ய வைத்த செடி காய்ச்சலைக் கொண்டு வரக் கூடாது. இரண்டாவது, மணி பிளாண்ட் இலையைக் குழந்தை கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். எட்டாத உயரத்தில் வையுங்கள்.

நர்சரியில் நான்கு தொட்டி வாங்குகிற பணத்தை வைத்துக்கொண்டு நீங்கள் இருவரும் யோசியுங்கள். அந்தப் பணத்தில் கொத்தனாரைக் கூப்பிட்டுச் சுவரில் ஒரு திறப்பு வைக்கலாம். குடும்பத்துக்கு அதுவே அதிக லாபம்.

எப்போது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

குழந்தைக்குச் சளி, இருமல் இருந்தால் சட்டையை விலக்கி, அழாமல் இருக்கும்போது ஒரு நிமிஷம் முழுக்க மூச்சை எண்ணுங்கள்.

இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை: நிமிஷத்துக்கு 60 அல்லது அதற்கு மேல்.

இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை: 50 அல்லது அதற்கு மேல்.

ஒரு வயது முதல் ஐந்து வயது வரை: 40 அல்லது அதற்கு மேல்.

இப்படி இருந்தால் அது வேகமான மூச்சு. அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டு வாருங்கள். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே உள்வாங்கினாலும், பால் குடிக்க முடியாமல் போனாலும், உதடு நீலம் பாய்ந்தாலும் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது. 108-க்குப் போன் செய்யுங்கள். "விடிஞ்சா பார்த்துக்கலாம்", "மந்திரிச்சா சரியாயிடும்" என்று இருந்துவிடாதீர்கள். நிமோனியாவுக்கு நல்ல மருந்து இருக்கிறது, நேரத்தில் வந்தால் பிள்ளை பிழைக்கும். நிமோனியாவைத் தடுக்கிற நியூமோகாக்கல் தடுப்பூசியும் அரசு நிலையங்களில் இலவசமாகப் போடப்படுகிறது. தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள்.

பெரியவர்களுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், "அடுப்புப் புகைதான்" என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். காசநோயாகவும் இருக்கலாம். சளிப் பரிசோதனை அரசு மருத்துவமனையில் இலவசம். சித்தேரி, வத்தல்மலை போன்ற மலை ஊர்களில் இருப்பவர்கள் சந்தேகம் இருந்தால் 104 என்ற எண்ணில் முதலில் பேசிக் கேட்டுக்கொண்டும் வரலாம்.

அன்பான தம்பதிகளே! வீட்டைக் கட்டும்போது வாசல் எந்தத் திசை என்று பலரைக் கேட்கிறோம். புகை எந்த வழியாகப் போகும் என்று யாரும் கேட்பதில்லை. சமைக்கிறவள் மனைவி, சுவரில் திறப்பு வைக்க ஆள் கூப்பிடுகிறவர் கணவன் என்று இருந்தால், யார் கண்ணில் எரிகிறதோ அவர் கையில் முடிவு இல்லை. ஆகையால் இன்று ராத்திரி சமையல் நடக்கும்போது, கணவன்மார்கள் அடுப்புக்குப் பக்கத்தில் கால் மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். கண் எரிந்தால் எழுந்து போய்விடாமல், அங்கேயே இருவரும் பேசி முடிவு செய்யுங்கள்: அடுப்பை எங்கே மாற்றுவது, திறப்பை எந்தச் சுவரில் வைப்பது, அடுத்த சிலிண்டருக்கு எப்படிப் பணம் சேர்ப்பது என்று.

மேலும் விவரம் வேண்டுவோர் உங்கள் ஊர்த் துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியரைப் பாருங்கள்.

புகையில்லாத வீடும், நோயில்லாத பிள்ளைகளும் உங்களுக்கு அமைய வாழ்த்துகிறேன்.